அப்பா ஹாம்பர்க்கில் சொன்ன பதில்

கோட்டிங்கன்,
செப்டம்பர் 1938

அன்பு மகள் கேத்தேவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. நீ அங்கே அமெரிக்காவில் சுகமாக இருக்க வேண்டும், இங்கே எங்கள் இருவருக்கும் மிச்சமிருக்கும் ஆசை அது ஒன்றுதான். நாங்களும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, அப்பாவின் இருமல்கூடக் குறைந்துவிட்டது, மனசுக்குத்தான் நிம்மதியில்லை. மேல்மாடி ஓல்டெகோப் அம்மாள் தங்கையைப் பார்க்க சுவிட்சர்லாந்துக்கு, பாஸலுக்குப் போகிறாள், இதை அங்கே தபாலில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள், அதனால் யாரும் பிரித்துப் படிப்பார்களோ என்ற பயமில்லாமல் எழுதுகிறேன். அப்பாவுக்கு இது தெரியாது, தெரியவும் கூடாது.

ஊர்ச் செய்தி என்று சொன்னால், உன் பெர்த்தா அத்தை தென்னமெரிக்காவுக்கு, மாண்டேவீடியோவுக்குக் கப்பல் ஏறிவிட்டாள். இவளாவது காஸல் ஊரை விட்டுக் கிளம்புவதாவது என்று அப்பா சொன்னது அவள் காதில் விழுந்திருக்கிறது, மறுநாளே பெட்டியைக் கட்ட ஆரம்பித்துவிட்டாள். அவளைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அதற்கு நேர்மாறாகச் செய்வதுதான் அவள் பிறவிக் குணம் என்று உனக்குத் தெரியுமே. அந்த வீம்பு அவளைக் காப்பாற்றிவிட்டது. கூடப்பிறந்தவருக்கு அதில் பாதி இருந்தால் நான் இந்தக் கடிதம் எழுத வேண்டியிருக்காது. ரொட்டிக்கடைக்காரி இன்னும் பின்வாசல் வழியாகத்தான் எனக்கு ரொட்டி தருகிறாள், அவள் புருஷன் பார்க்காத நேரத்தில். பிளம்ஸ் பழம் இந்த வருஷம் மரம் கொள்ளாமல் காய்த்திருக்கிறது, கேக் செய்ய மனசில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வசந்தத்தில் நீ ஓர் அச்சுப் பிரதி அனுப்பினாயே, அந்த இங்கிலீஷ்காரப் பையன் எழுதியது, அப்பா பார்த்துச் சந்தோஷப்படுவார் என்று நினைத்துத்தான் அனுப்பினாய், உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அது வந்த நாளிலிருந்து இந்த வீடு வீடாக இல்லை. அப்பா இத்தனை வருஷமும் எதைத் தேடினார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எந்தக் கணித வாக்கியத்தை உள்ளே போட்டுக் கைப்பிடியைச் சுற்றினாலும் மெய் அல்லது பொய் என்று வெளியே வந்து விழ வேண்டும், சுற்றுகிறவன் மூளையைத் தொடவே கூடாது, அப்படி ஒரு மாவு மில். அது கைக்கு எட்டிவிட்டது, சில்லறை வேலைதான் பாக்கி என்று அவர் ஊரெல்லாம் எழுதியதை நம்பித்தானே அமெரிக்காவில் அந்த ஓஹையோக் கல்லூரிக்காரர்கள், வந்து அதையே ஒரு வருஷம் பாடமாகச் சொல்லுங்கள் என்று வேலை கொடுத்து அழைத்தார்கள். அந்த அழைப்பை நம்பித்தான் எங்கள் விசா.

முதலில் அந்தப் பையனைப் பார்த்துச் சிரித்தார். காகித நாடாவாம், அதில் கட்டங்களாம், ஒவ்வொரு கட்டமாகப் படித்து, அழித்து, எழுதி நகரும் ஒரு மெஷினாம், இதை வைத்துக்கொண்டு தத்துவம் பேசுகிறான் என்றார். பிறகு சிரிப்பு நின்றது. பிறகு பேச்சும் நின்றது. அவன் நிரூபணத்தில் ஓட்டை எங்கே என்று கோடை முழுக்கத் தேடினார், சூப் ஆறி ஆடை படியும், கூப்பிட்டால் என்ன என்று கேட்க மாட்டார். ஒருநாள் காலை காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "ஹென்னி, பையன் சொல்றது சரி. நான் தேடினது இல்லவே இல்ல," என்றார். எனக்கும் விளங்கும்படி சொல்லிக் காட்டினார். எந்த மெஷினைக் காட்டினாலும், இது வேலை முடித்து நிற்கும், அது நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும் என்று சொல்லிவிடும் ஒரு ஜோசியக்கார மெஷின் இருப்பதாக வைத்துக்கொள். தன்னைப் பற்றி ஜோசியம் கேட்டுக்கொண்டு அதற்கு நேர்மாறாகச் செய்கிற இன்னொரு மெஷினைக் கட்டிவிடலாம். நிற்கும் என்றால் ஓடும், ஓடும் என்றால் நிற்கும். ஜோசியம் பொய்த்துவிடும். அப்பாவின் மில் இருந்தால் இந்த ஜோசியமும் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும், அதனால் மில்லும் இல்லை. அப்படியானால் உங்கள் தங்கை பெர்த்தாதான் அந்த மெஷின் என்றேன். வெகுநாளைக்கப்புறம் வாய்விட்டுச் சிரித்தார். சரி, பாரம் இறங்கிவிட்டது, இனிப் புறப்படலாம் என்று நினைத்தேன், நான் ஒரு பைத்தியக்காரி.

அமெரிக்கத் தூதரகத்தில் கூப்பிட்டிருந்தார்கள், ஹாம்பர்க் போனோம். அதிகாரி நல்ல மனுஷர், வயசானவர், அப்பாவுக்கு நாற்காலி போடச் சொன்னார். காகிதங்களையெல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியாக, ஏதோ பேச்சுக்குக் கேட்கிற மாதிரி, "அங்க என்ன பாடம் நடத்தப் போறீங்க, புரொஃபசர்?" என்று கேட்டார். அழைப்பில் எழுதியிருக்கிறதே, அதைச் சொன்னால் முடிந்தது. உன் அப்பா, "இல்லாத ஒண்ணை நடத்தறதா இருந்தேன். அது இல்லைன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு," என்றார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார், என்னைப் பார்த்தார், பிறகு அதே கேள்வியை மெதுவாக மறுபடி கேட்டார். கேத்தே, அந்த மனுஷருக்கு அப்படிக் கேட்க வேண்டிய விதியில்லை, ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். உன் அப்பா அதே பதிலை, வார்த்தை மாறாமல், மறுபடி சொன்னார். கேள்வியைப் போட்டால் பதில் விழும் மெஷின் ஒன்று அன்று அந்த அறையில் இருந்ததென்றால் அது உன் அப்பாதான். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு முத்திரை குத்த முடியாது, அக்டோபர் முடிவதற்குள் யோசித்து மறுபடி வாருங்கள், காகிதங்களை எடுத்து வைத்திருக்கிறேன் என்று அனுப்பிவிட்டார்.

ரயிலில் நான் அழுதேன், திட்டினேன், வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். பொய்யான தேற்றத்தை விற்று நான் கப்பல் ஏற மாட்டேன் என்கிறார். பல்கலைக்கழக வேலை போனபோது இத்தனை ரோஷம் வரவில்லை. யூதப் பெண் என்று தெரிய என் பெயரோடு சாரா என்று சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று விதி வருகிறதாம், இங்கே நகராட்சியில் வேலை பார்க்கும் பிராண்டஸ்தான் படித்துச் சொன்னான், உன் பிறந்தநாளுக்கெல்லாம் வந்து சாப்பிட்டவன், முகத்தில் ஒரு சலனமில்லை. அவனும் மெஷின்தானா என்று அப்பாவிடம் கேட்டேன். "மெஷினுக்கு விதியை விட்டு வெளிய வந்து பாக்கத் தெரியாது. இவனுக்குத் தெரியும். வரல. அதனால இவன் மெஷின் இல்ல, ஹென்னி, அதைவிட மோசம்," என்றார். இவ்வளவு தெரிந்தவருக்குத் தன் விதியை விட்டு ஒரு நிமிஷம் வெளியே வரத் தெரியவில்லையே.

கல்லூரிக்கு உண்மையை எழுதி வேறு பாடத்துக்குக் கேட்கலாமே என்பாய். அங்கே கல்லூரி வாசலில் வேலை கேட்டு எத்தனை புரொஃபசர்கள் நிற்கிறார்கள் என்று நீதானே எழுதினாய். அவர்கள் கூடிப் பேசி முடிவு செய்வதற்குள் அக்டோபர் போய்விடும். பயமாக இருக்கிறது கேத்தே, இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை. கூச்சத்தை விட்டு உன்னிடம் கேட்கிறேன். அந்தப் பையன் நிரூபணத்தில் தப்பு இருக்கிறது என்று அப்பாவுக்கு எழுது. சும்மா எழுதினால் நம்ப மாட்டார், கணக்காகப் போட்டுக் காட்டு, அவரிடமே கணிதம் படித்தவள் நீ காட்டினால் நம்புவார், உலகத்தில் வேறு யார் காட்டினாலும் நம்ப மாட்டார். அது பொய் என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும், அவரும் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடிக்கட்டும். கப்பலில் வைத்துக் கண்டுபிடிக்கட்டும். என்னைத் திட்டட்டும், உன்னோடு ஆயுசுக்கும் பேசாமல் இருக்கட்டும், உயிரோடு இருந்துகொண்டு பேசாமல் இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை மெழுகுவர்த்தி ஏற்றியதும் அப்பா இன்னும் நீ உட்காரும் நாற்காலிக்கு மேலே கையை நீட்டித்தான் ஆசி சொல்கிறார், நான் ஆமென் சொல்கிறேன். அந்த ஆசியெல்லாம் உன்னைச் சேரட்டும். குளிருக்கு முன்னால் நல்ல கோட்டு வாங்கிக்கொள். ஒன்று மட்டும் மறந்துவிடாதே: அவர் முதல் வரியிலிருந்து ஒவ்வொரு வரியாகத்தான் சரிபார்த்துக்கொண்டு வருவார், நீளமாக எழுது, தப்பைக் கடைசிப் பக்கத்தில் வை.

உன் அம்மா,
ஹென்ரியெட்டே