நல்ல குழாயும் நீலம்

மே 12, வெள்ளி
அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்தது. இடது மார்பு முழுக்க எடுத்துவிட்டார்கள். உள்ளே போகும்முன் சொன்னாள்: "பக்கத்துல உக்காந்து மூஞ்சியத் தொங்கப் போடாத. போய் மேட்ச் பாருடி."
வேலைக்குத் திரும்பினால், ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் எல்லோரும் ஒரே போனைச் சுற்றி. ரக்பியில் ஃபிஜி 21, நியூசிலாந்து 19!!! கடைசி நொடியில்!!! தொண்டை கட்டிவிட்டது.

மே 16, செவ்வாய்
நேற்று விடுமுறை. இன்று காலை ஆபரேஷன் தியேட்டர் அலமாரியில், வெட்டியெடுத்த மார்புகளோடு மூன்று வாளிகள். வெள்ளி மாலையே ஆய்வகத்துக்கு எடுத்து வந்திருக்க வேண்டியவள் நான். மேட்ச் ஆரவாரத்தில் மறந்தே போனேன். ஒன்றில் அம்மா பெயர்.

ஆய்வக சீனியர் விம்லேஷ் அண்ணன் சதையில் கத்தி வைத்ததும் மூக்கைச் சுளித்தார். "நாலு நாளா முழுசாவா கெடந்துச்சு? அறுத்துத் தொறந்து விட்டாதானே ஃபார்மலின் உள்ள எறங்கும்? நடுவுல கெட்டுப் போச்சு பாரு."
"தியேட்டர்ல இப்பதான் குடுத்தாங்கண்ணே."
ஏன் அப்படிச் சொன்னேன்?

மே 26
ஹார்மோன் சோதனையில் மூன்று பேருக்கும் நெகட்டிவ்.

புற்றுச் செல்லில் ஹார்மோனைப் பிடிக்கிற கொக்கி இருந்தால் சாயம் பழுப்பாக ஏறும். மாத்திரைக்கு நோய் கேட்கும். கொக்கி இல்லையென்றால் வெறும் நீலம், மாத்திரை கிடையாது. இதையெல்லாம் வீடியோ பார்த்தே கற்றவள் நான். அழகான ஸ்லைடு வந்தால் பஸ்ஸில் கத்தியிருக்கிறேன்.

"மாத்திரை வேண்டாமாம்" என்றாள் அம்மா. "ஒரு வேலை மிச்சம்."

மே 27
துணி துவைத்தேன். காய்ந்ததா என்று பார்க்கவில்லை.

மே 29
எல்லோரும் சாப்பிடப் போனபோது அம்மாவின் ஸ்லைடை வைத்துப் பார்த்தேன். புற்று நீலம். சரி. பக்கத்திலேயே நல்ல பால் குழாய்கள், நோயே தொடாதவை. அவற்றில் கொஞ்சமாவது பழுப்பு இருந்தே ஆக வேண்டும். அவையும் நீலம்.

அப்படியென்றால் இது நெகட்டிவ் இல்லை. சோதனையே நடக்கவில்லை. மற்ற இரண்டு ஸ்லைடும் அப்படித்தான்.

நான் இருக்கும் ஆன்லைன் ஸ்லைடு குழுவில் படம் போட்டால் பத்து நிமிஷத்தில் நூறு பேர் சொல்வார்கள். எதற்கு? எனக்கே தெரியுதே.

மே 30
சொல்லிவிட்டேன். வாளி, வெள்ளிக்கிழமை, பொய், எல்லாம்.
விம்லேஷ் அண்ணன் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "தோரிகா, மூணு பொம்பளைங்கடி."
"தெரியும்ணே."
"தெரியும்னா? கத்து, அழு, ஏதாச்சும் பண்ணு. மரம் மாதிரி நிக்கிறே."
வரவில்லை. என்ன செய்ய?
ரிப்போர்ட் எழுதிய ஆய்வக டாக்டர் ஒன்றும் திட்டவில்லை. எழுதித் தரச் சொன்னார். நல்ல குழாயைத் தானும் பார்க்காமல் விட்டதாகத் தன் பெயரையும் எழுதிக்கொண்டார். வாளியில் மிச்சமிருக்கும் சதையின் ஓரங்களில் ஃபார்மலின் இறங்கியிருக்கும், அந்தத் துண்டுகளை எடுத்து மறுபடி செய்யலாம் என்றார்.

ஜூன் 6
மூன்றிலும் நல்ல குழாய்கள் பழுப்பு. ஒருவருக்குப் புற்று நீலமேதான். அம்மாவுக்கும் கோரோத் தீவுக்காரம்மாவுக்கும் நல்ல பழுப்பு.
சந்தோஷப்படணும்.

ஜூன் 7
அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சேம்பு உரித்துக்கொண்டிருந்தாள்.
"உன்னாலயா?"
"ஆமா."
முழுதையும் உரித்து முடித்தாள். "மேட்ச்ல ஜெயிச்சாங்கதானே?"
"ம்."
"அதாவது நடந்துச்சே."
சேம்பைக் கழுவ எழுந்து போனாள்.

ஜூன் 9
அம்மா முதல் மாத்திரை போட்டாள்.

கோரோக்காரம்மாதான் கிடைக்கவில்லை. மாத்திரை இல்லை என்றதும் போன வாரமே கப்பலேறிவிட்டார். அவர் கொடுத்த நம்பர் மூன்று நாளாக அடிக்கவே இல்லை. விம்லேஷ் அண்ணன் கடிதம் அனுப்பியிருக்கிறார். அடுத்த கப்பலில் போகும்.

"கோரோல எந்த ஊரு?" என்றாள் அம்மா.
ஊர், பேர் எதுவும் வெளியே சொல்லக் கூடாது. ரெண்டையும் சொன்னேன்.
கோரோவில் இருக்கும் தன் சித்தப்பா மகன் கடைக்குப் போன் போட்டாள். "டேய் தடியா, உயிரோடதான் இருக்கியா? எனக்கு என்ன, நல்லாத்தான் இருக்கேன். அதெல்லாம் அப்புறம். சாலானியேதா வீடு தெரியுமா? ... ஏன்னு கேக்காத. கூட்டிட்டு வா. நான் வெக்க மாட்டேன், லைன்லயே இருக்கேன். ஓடு."

போனை நடுவில் வைத்தாள். கோழிச் சத்தம். யாரோ அந்தப் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே தூரமாகப் போவது கேட்டது.

அப்புறம், மூச்சு வாங்க, ஒரு பெண் குரல்: "யாரு?"