முப்பத்தெட்டாவது வரிசை

மார்ச் 3, செவ்வாய்

காலையில் செயலாளர் அழைத்தார். பெண்கள் வாலிபால் லீக்கின் வீராங்கனைகள் ஏலம் இந்த வருஷமும் எங்கள் மென்பொருளில்தான். பன்னிரண்டு நாளில் ஏலம். ஆறு அணிகள், எழுபத்திரண்டு பேர், அணிக்கு ஆயிரம் புள்ளிகள். அணிக்காரர்கள் அவரவர் ஊரில் கணினி முன்னால் உட்கார்ந்து கேட்பார்கள். ஏலக்காரர் இங்கே மேடையில் கூவுவார். மற்றவர்கள் நேரலையில் பார்ப்பார்கள். நடுவில் எது புட்டுக்கொண்டாலும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பது என்னைத்தான்.

போன வருஷம் திரை பதினொரு நிமிஷம் அப்படியே நின்றது. அந்தப் பதினொரு நிமிஷத்தில்தான் எனக்குக் காதோரம் நரைத்தது. இந்தத் தடவை ஒன்றும் ஆகக் கூடாது. ஆக விட மாட்டேன்.

இன்னொன்று. பட்டியலில் அவளும் இருக்கிறாள், என் மனைவி. எண் 38.

மார்ச் 4, புதன்

அவளிடம் சொன்னேன். முட்டிக்குப் பட்டை சுற்றிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "பேர் குடுத்தது நான்தானே, எனக்குத் தெரியாதா" என்றாள்.

முட்டி அறுவை சிகிச்சை முடிந்து ஒன்றரை வருஷம். முப்பத்துமூன்று வயது. அவள் செட்டர் — அடிக்கிறவர்களுக்குப் பந்தை வாகாகத் தூக்கிக் கொடுப்பவள். ஒரு காலத்தில் மைதானத்தில் 'பம்பரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். இப்போது மாடிப்படி ஏறும்போது கைப்பிடிக் கம்பியை விடுவதில்லை. ஓடுகிறாள், குதிக்கிறாள், டாக்டரே சரி என்றுவிட்டார். ஆனால் படியைக் கண்டால் மட்டும் கை தானாகக் கம்பிக்குப் போகிறது.

"இந்த வருஷம் யாரும் எடுக்கலைன்னா விட்டுடறேன்" என்றாள். "எதை?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

மார்ச் 6, வெள்ளி

செக்லிஸ்ட் நாற்பது வரியை எட்டிவிட்டது. இரண்டு நிறுவனங்களின் இணையம். மின்சாரம் போனால் ஜெனரேட்டர். அது எழுந்திருக்கும்வரை பேட்டரி. ஓர் அணியின் இணைப்பு அறுந்தால் ஏலம் நிற்கும், அந்த அணிக்குத் தொலைபேசியில் பேசிய பிறகே தொடரும். கட்டுப்பாட்டு அறையில் எல்லோருடைய கைப்பேசியும் மேஜை டிராயருக்குள், என்னுடையதும்தான்.

அவள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கும் இப்படி ஒரு லிஸ்ட் வெச்சிருந்தீங்களோ?"

"இருந்துச்சு. பதினாலு வரி."

"எத்தனைல தேறினேன்?"

"ஆறு."

சோபா தலையணை பறந்து வந்தது. குறி தப்பவே இல்லை. தோள் நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

வீட்டிலேயே ஒத்திகை. அலுவலகத்தில் எல்லோரும் சொன்னபடி கேட்பார்கள்; கோளாறு வெளியே வராது. என் குடும்பம் அப்படியில்லை. தங்கை, தங்கை வீட்டுக்காரர், மாமனார், அவள், எங்கள் ஒன்பது வயது வாண்டு, பக்கத்து வீட்டுத் தையல்காரர் — ஆறு அணி. அறைகளின் பெயரையே அணிக்கு வைத்தோம். மாமனார் மொட்டைமாடி. வாண்டு கட்டில்.

பட்டியல் உண்மையானது. நான் ஏலக்காரன். நடுநடுவே ஒவ்வொருத்தர் இணைப்பாகப் பிடுங்கினேன். மாமனார் ஒவ்வொரு தடவையும், "மாப்ளே, என்னைய மட்டும் ஏன் குறி வெக்கிறீங்க?" என்று மேலேயிருந்து கத்தினார். தையல்காரர் மூன்று பேரை வாங்கிவிட்டு, "இவங்களை நான் எங்க தங்க வெக்கிறது?" என்று கவலைப்பட்டார்.

பிறகு 38 வந்தது.

நான் இருபது என்று ஆரம்பிப்பதற்குள் மாமனார் நூறு. வாண்டு இருநூறு. "நான் பெத்த பொண்ணு, விட்டுருவேனா?" என்று மாமனார் ஐந்நூறு. வாண்டு எழுநூறு. அவர் எழுநூற்றைம்பது போட்டதும் புள்ளி தீர்ந்தது. ஏற்கெனவே யார் யாரையோ வாங்கித் தொலைத்திருந்தார். வாண்டு மட்டும் நேராகத் தொள்ளாயிரத்தை அமுக்கினாள். "எண்ணூறு போட்டாலே போதும்டி" என்றேன். "தாத்தா எங்கயாவது ஒளிச்சு வெச்சிருந்தா?" என்றாள்.

விற்றாயிற்று. வாண்டு ஓடிப்போய் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவள் சிரித்துக்கொண்டே இருந்தவள், சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, டீ போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டாள்.

ஐந்து மணிக்குச் செயலாளர் போன். "உங்க வீட்டம்மா பட்டியல்ல இருக்காங்க, ஏலத்தை நடத்தறதே நீங்க. நாளைக்கு நாலு பேரு கேட்டா நான் பதில் சொல்லணும்ங்க. அவங்க வரிசைல நீங்க கை வெக்கக் கூடாது." நியாயம்தான். போனை வைத்த கையோடு 38-ஆவது வரிசையைப் பூட்டினேன். கடவுச்சொல் செயலாளரிடம் மட்டும். இனி நானே நினைத்தாலும் மாற்ற முடியாது. மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

மார்ச் 9, திங்கள்

'மீட்டமை' பட்டனை அமுக்கினேன். நேற்று விற்ற பெயர்கள் எல்லாம் பழையபடி 'விற்பனைக்கு' என்று ஆயின. ஒவ்வொரு வரிசையாகக் கண்ணால் சரிபார்த்தேன், எழுபத்தொன்றையும். 38 வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வாக்கு கொடுத்தால் கொடுத்ததுதான்.

மார்ச் 12, வியாழன்

வெள்ளைப் பலகைக்காக இன்று ஒரு சண்டை. ஏலத்தில் வரும் ஒவ்வோர் எண்ணையும் ஒருவர் கையால் பலகையில் எழுத வேண்டும் என்கிறேன். விற்றால் நீலம், விலை போகாவிட்டால் சிவப்பு. செயலாளருக்குச் சிரிப்பு. "ஆன்லைன் ஏலத்துக்குப் பலகையா? எழுத ஒரு குச்சியும் வேணுமா?"

வேண்டும். கணினிக்குத் தெரிந்ததை மட்டும்தான் கணினி சொல்லும். இருபது வருஷமாக மைதானத்தில் ஸ்கோர் எழுதும் அக்காவைப் பிடித்திருக்கிறேன். அவர் போட்ட ஒரே நிபந்தனை: "நாற்காலில குஷன் இருக்கணும் தம்பி." வரி 41: குஷன்.

மார்ச் 14, சனி

அவள் இரண்டு தடவை வீட்டைப் பெருக்கினாள். மூன்றாவது தடவை விளக்குமாற்றை நான் வாங்கி வைத்துவிட்டேன்.

"நாளைக்கு என் நம்பர் வரும்போது நீங்க திரையைப் பாக்காதீங்க. உங்க மூஞ்சி மாறும், நாலு பேரு பாப்பாங்க."

"பாக்கல."

"நிஜமா பாக்காதீங்க." பிறகு, "யாராவது எடுப்பாங்கல்ல?" என்றாள்.

எடுப்பார்கள் என்று சொன்னேன். எனக்கென்ன தெரியும்? மின்சாரம் போனால் என்ன செய்வது என்று தெரியும். யாரும் கை தூக்காவிட்டால் என்ன செய்வது என்று எந்த வரியிலும் இல்லை.

மார்ச் 15, ஞாயிறு

உட்கார்ந்து வரிசையாக எழுதுகிறேன்.

பத்து மணிக்குத் தொடங்கியது. அடுத்த எண் எது என்று கணினி குலுக்கி எடுக்கும், ஏலக்காரர் கூவுவார். அவர் வானொலி அறிவிப்பாளர். வெண்ணெய் மாதிரிக் குரல். பதினொன்றரைக்கு மின்சாரம் போனது. மேடையில் யாருக்கும் தெரியவே இல்லை. ஒரு மணிக்கு நீல அணியின் இணைப்பு அறுந்தது. நிறுத்தினோம், போன் போட்டோம், தொடர்ந்தோம். அது மறுபடி மறுபடி அறுந்ததால் அரைமணி நேரம் பின்னறையில் தரையில் உட்கார்ந்து அங்கிருந்த லேண்ட்லைனில் அவர்கள் ஆளுக்கு வழி சொன்னேன். திரும்பி வந்தபோது பாதிக்கு மேல் முடிந்திருந்தது. 38 அந்த நேரத்தில் போயிருக்கும் என்று நினைத்தேன். பலகையைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயம். சிவப்பில் இருந்தால்?

மூன்றரைக்குத் திரை '72/72 முடிந்தது' என்று காட்டியது. ஏலக்காரர் நன்றி சொல்லத் தொண்டையைச் செருமினார். அப்போது பலகை அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"தம்பி, எனக்கு எழுபத்தொண்ணுதான் வருது."

"ஒண்ணை விட்டிருப்பீங்கக்கா."

"இருபது வருஷமா விடல. இன்னிக்கு விடுவேனா?" அவர் ஏற்கெனவே இரண்டு தடவை எண்ணியிருந்தார். "முப்பத்தெட்டு வரவேயில்ல."

அவள் வரிசையைத் திறந்து பார்த்தேன். பார்க்கத் தடையில்லை, மாற்றத்தான் தடை. 'விற்பனை ஆனது. கட்டில் அணி. 900.'

ஐயோ. வாண்டு வாங்கியது. ஒத்திகையில் விற்ற நிலையிலேயே நான் பூட்டியிருக்கிறேன். பூட்டிய வரிசையை மீட்டமை பட்டன் தொடாது. விற்றுப்போன பெயரைக் கணினி குலுக்கலில் எடுக்காது. கடைசி எண்ணிக்கையில் மட்டும் சேர்த்துக்கொள்ளும். எல்லாம் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. நான்தான் மடையன். எல்லாத்தையும் பாத்துட்டு அவளை மட்டும் பாக்காம விட்டுட்டேனே! அவ வீட்டுல அஞ்சரை மணி நேரமா உக்காந்து பாத்துட்டு இருக்காளே!

ஏலக்காரருக்குக் கை காட்டி நிறுத்தினேன். செயலாளர் ஓடி வந்தார். நிலவரத்தைச் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. "நெட்வொர்க் கோளாறுன்னு சொல்லிடலாம்ங்க. யாரு கேக்கப் போறா?"

அப்படிச் சொன்னால் ஒவ்வொருத்தரும் அதே கோளாற்றைச் சாக்காக வைத்துக்கொண்டு, என் ஏலத்தையும் திரும்ப நடத்து என்பார்கள். அதோடு, அது பொய். மைக்கை வாங்கினேன். நான் மேடையில் பேசுகிற ஆளே இல்லை. "முப்பத்தெட்டாம் எண் ஏலத்துக்கு வரல. கோளாறு எதுவும் இல்ல, தப்பு என்னோடது. வீட்டுல ஒத்திகை பார்த்தப்ப என் பொண்ணு அவங்க அம்மாவை வாங்கினா. அதை அழிக்காம பூட்டிட்டேன்" என்றேன்.

திரையில் ஆறு முகங்களும் என்னையே பார்த்தன. நீல அணி முதலாளி கேட்டார்: "சொந்தப் பொண்டாட்டி பேரு எப்படிங்க விட்டுப்போகும்?"

"சொந்தப் பொண்டாட்டிங்கறதாலதாங்க விட்டுப்போச்சு."

அவர் சிரித்துவிட்டார். விதி ஒன்பதை ஏலக்காரர் வாசித்தார்: தவறுதலாக விடுபட்ட பெயர், ஏலத்தை முடிக்கும் முன் அழைக்கப்பட வேண்டும். செயலாளர் தன் கையாலேயே பூட்டைத் திறந்தார்.

எண் 38. இருபது புள்ளியில் ஆரம்பம். ஏலக்காரர் ஒருதரம் என்றார். யாரும் அசையவில்லை. எல்லோரிடமும் மிஞ்சியிருப்பது சில்லறைப் புள்ளிதான். காலையிலேயே வந்திருந்தால் எப்படியோ, என்னால் கடைசிக்குத் தள்ளப்பட்டுவிட்டாள். திரையைப் பார்க்க மாட்டேன் என்று சொன்னவன் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டுதரம் —

பச்சை அணி இருபது. மஞ்சள் இருபத்தைந்து. பச்சை முப்பது. மஞ்சள் முப்பத்தைந்து, அவர்களிடம் இருந்தது அவ்வளவுதான். பச்சை நாற்பது.

பச்சை அணியின் கோச் மைக்கைத் திறந்தார். பேச்சில் கறார் தெறிக்கும் அம்மா அவர். "அவளுக்காகத்தான் நாற்பதை மிச்சம் வெச்சிருந்தேன். நம்பர் வரவே இல்ல, வேண்டாம்னு ஒதுங்கிட்டாளோன்னு நெனச்சேன். செட்டர் இல்லாம ஒன்பது பேரை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

சுத்தியல் விழுந்தது.

நேரலை இருபது நொடி தாமதமாகத்தான் வீட்டுக்குப் போகும். அதை வைத்ததும் நான்தான். அந்த இருபது நொடி அவளுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்திருந்தது. அவள் இன்னும் 'இரண்டுதரம்' கேட்டுக்கொண்டு வாண்டுவின் கையைப் பிடித்திருப்பாள். டிராயரைத் திறந்து கைப்பேசியை எடுத்தேன். அவளிடமிருந்து நான்கு செய்திகள். 'என் நம்பர் வந்துச்சா?' 'பாக்காம விட்டுட்டேனா?' 'பரவால்ல, நீங்க சாப்டீங்களா?' கடைசியில், 'வரும்போது பிரெட் வாங்கிட்டு வாங்க'.

அதைப் படித்துவிட்டுத்தான் அழுதேன். பலகை அக்கா நாற்காலியின் குஷனை எடுத்து என் கையில் கொடுத்தார். எதற்கென்று அவருக்கும் தெரியவில்லை.

கைப்பேசி அடித்தது. வாண்டு. "அப்பா, அம்மாவை நாப்பதுக்குக் குடுத்துட்டீங்களா? நான் தொள்ளாயிரம் குடுத்தேன்!"

மார்ச் 16, திங்கள்

பூட்டிய வரிசையையும் மீட்டமை பட்டன் தொடும்படி மாற்றினேன். ஏலம் தொடங்குமுன், வேறு ஓர் ஆள் எல்லா வரிசைகளையும் சரிபார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்தேன். வரி 43: வீட்டில் ஒத்திகை பார்த்தால் வீட்டு மனிதர்களை விற்காதே.

மார்ச் 17, செவ்வாய்

இன்று காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவள் வந்து கதவில் சாய்ந்தாள்.

"நாலு பேரு என்ன நெனப்பாங்கன்னு என்னைப் பூட்டி வெச்சீங்க."

வாயில் நுரை. தலையாட்டினேன்.

"அதே நாலு பேரு முன்னாடி, 'தப்பு என்னோடது'ன்னும் சொன்னீங்க." "அந்தப் பதினாலுல நீங்க எத்தனை தேறுனீங்கன்னு இதுவரைக்கும் நான் சொல்லலைல்ல?"

சொல்லாமலே போய்விட்டாள். கேட்டால் சிரிக்கிறாள்.

ஏப்ரல் 2, வியாழன்

பயிற்சி முகாமுக்குப் புறப்பட்டாள். ஏழு வாரம். பச்சை அணியின் பஸ் விளையாட்டரங்க வாசலில் நின்றது. மாமனார் பையைத் தூக்கியே தீருவேன் என்று அடம்பிடித்தார்.

வாண்டு, பள்ளி நூலக அட்டையைப் பார்த்து ஓர் அட்டை செய்து வந்திருந்தாள். 'பெயர்: அம்மா. சொந்தக்காரர்: கட்டில் அணி. இரவல் வாங்கியவர்: பச்சை அணி. திருப்பித் தர வேண்டிய நாள்: மே 21. கிழியாமல் தரவும்.' அதை நேராகக் கோச்சிடம் நீட்டினாள். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு பேனா கேட்டுக் கையெழுத்துப் போட்டார். "ஒரு நாள்கூடத் தாமதிக்க மாட்டேன்" என்றார். சிரிக்கவே இல்லை.

டிரைவர் ஹாரன் அடித்தார். அவள் வாண்டுவை முத்தமிட்டாள். என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள், அது சரியாகத்தான் இருந்தது. "சார்ஜரை மறந்துடலைல்ல?" என்றேன். சொல்ல எத்தனையோ இருந்தது, வாயில் வந்தது சார்ஜர்.

"போங்க" என்று சிரித்துவிட்டு ஓடினாள். அந்த பஸ்ஸின் படி உயரம். ஒரு கையில் பை, இன்னொரு கையை எங்களைப் பார்த்து ஆட்டிக்கொண்டே ஏறினாள். கம்பியைப் பிடிக்கவில்லை.