யார் வேண்டுமானாலும் குடிக்கலாம்

இன்று காலை வேலியில் படர்ந்திருந்த கோவைக்கொடியை இழுத்துப் போட்டேன். கையில் இலை நசுங்கியது. அந்தப் பச்சை வாடை மூக்கில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டேன். சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. நீ போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. இத்தனை நாள் உனக்கு எழுதத் தோன்றவில்லை. இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

சனிக்கிழமைகளில் கோவை இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்து அரைத்து, பள்ளியின் கரும்பலகைகளுக்குப் பூசியது நாம் இருவரும்தானே. அந்த நேரத்தில் மற்றப் பெண்கள் சரஸ்வதி படத்துக்குப் பூக்கட்டிக் கொண்டிருப்பார்கள். படத்தின் பக்கம் போகாதே என்று நம்மிடம் யாரும் சொன்னதில்லை. "நீங்க ரெண்டு பேரும் போர்டைப் பாத்துக்கோங்க" என்பார்கள். அவ்வளவுதான். நகக்கண்ணில் கறுப்பு அடுத்த வாரம் வரை இருக்கும். "எழுதறதுக்கு ஒருத்தர், தீட்டறதுக்கு ஒருத்தர்" என்று நீ என் விரலைப் பிடித்துப் பார்த்துச் சிரிப்பாய். அப்போது அது எனக்கு வேடிக்கைப் பேச்சாகத்தான் பட்டது.

செஞ்சிக் கோட்டை மதிலை ஒட்டிய நம் சேரியிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை வந்த பெண்கள் நாம் மட்டும்தான். அறுபதுகளில் அதுவே பெரிய சேதி. பள்ளித் தாழ்வாரத்தில் ஒரு மண்பானை இருந்தது. மற்றப் பிள்ளைகள் டம்ளரால் மொண்டு குடிப்பார்கள். நமக்குப் பியூன் வந்து ஊற்ற வேண்டும். கையைக் குவித்துக் குனிந்து நிற்போம், அவர் டம்ளரை உயரத் தூக்கி ஊற்றுவார். பாதி மூக்கில் போகும். பியூன் வெளியே போயிருந்தால் தாகத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

சரித்திர வாத்தியாரை நீ மறந்திருக்க மாட்டாய். வெள்ளை வேட்டி, கணீரென்ற குரல். அவருடைய பாடம் என்றால் நமக்கு உயிர். ஒருநாள் செய்தித்தாளோடு வகுப்புக்கு வந்தார். கடல் கடந்த ஒரு நாட்டில் கறுப்பு நிறத்தவர்களை வெள்ளைக்காரர்கள் நடத்தும் விதத்தைச் சொன்னார். பஸ்ஸில் தனி இடம், பள்ளிக்கூடம் தனி, தண்ணீர்க் குழாய்கூடத் தனி. சொல்லச் சொல்ல அவர் குரல் தழுதழுத்தது. கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

"மனுஷனை மனுஷன் இப்படி நடத்தலாமா?" என்று கேட்டார்.

"கூடாது சார்!" என்று வகுப்பே கத்தியது. நானும்தான் கத்தினேன்.

நீ எழுந்தாய். உன் குரலில் சண்டை எதுவும் இல்லை. கணக்கில் சந்தேகம் கேட்பவள் போலத்தான் கேட்டாய். "சார், அங்க ரெண்டு கொழாய் இருக்குதுன்னு சொன்னீங்க. இங்க ஒரு பானைதான் இருக்குது. அதுல நாங்க ஏன் சார் மொள்ளக் கூடாது?"

வாத்தியார் செய்தித்தாளை மடித்தார். மறுபடி மடித்தார். அவருக்குக் கோபம் வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாக, கெஞ்சுவதுபோலச் சொன்னார்: "நான் சொன்னது அந்த நாட்டைப் பத்திம்மா. உட்காரு."

நீ உட்கார்ந்தாய். சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும் வழியில் செட்டிக்குளத்துக் கரையில் நின்று, "அவரு நல்லவருடி. அதான் எனக்கு பயமா இருக்குது" என்றாய்.

மறுநாள் நீ தலையில் ஒரு பானையோடு பள்ளிக்கு வந்தாய். நம் சேரிக் கிணற்றில் இறைத்த தண்ணீர். பள்ளிப் பானைக்குக் கொஞ்சம் தள்ளி, தாழ்வாரத்து ஓரத்தில் மணலைக் குவித்து அதன்மேல் வைத்தாய். மூடியின் மேல் உன் வீட்டு அலுமினிய டம்ளரைக் கவிழ்த்தாய். "யாரு வேணும்னாலும் குடிக்கலாம்" என்றாய், பொதுவாக, யாரையும் பார்க்காமல்.

கோடைக்காலம். பாறையெல்லாம் காய்ந்து ஊரே அடுப்புக்குள் இருப்பது போலக் கிடந்தது. நம் தெருப் பிள்ளைகள் வந்து பயந்து பயந்து குடித்தார்கள். வேறு யாரும் கிட்டே வரவில்லை. மத்தியானம் விளையாட்டு முடிந்தபோது பள்ளிப் பானையில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. அப்போதுதான் சரோஜா ஓடி வந்தாள். கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருந்தவரின் மகள், நம் வகுப்புதான், நம்மிடம் அதிகம் பேசாதவள். முகமெல்லாம் சிவந்திருந்தது. பள்ளிப் பானையைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு உன் பானைக்கு வந்து, மொண்டு, நின்றபடியே குடித்தாள். இன்னொரு டம்ளரும் குடித்தாள். டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு உன்னைப் பார்த்து, "ஜில்லுன்னு இருக்குது" என்றாள்.

உன் முகத்தில் அன்று வந்த வெளிச்சத்தை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அடுத்த நாள் காலை சரோஜா வரவில்லை. அவளுடைய அப்பாவும் அண்ணனும்தான் வந்தார்கள். அண்ணன் நேராகத் தாழ்வாரத்துக்கு வந்து பானையை உதைத்தான். ஓடு சிதறியது. தண்ணீர் ஓடி வகுப்பறைக்குள் வந்தது. பெண்கள் பாவாடையைத் தூக்கிக்கொண்டு பெஞ்சின் மேல் ஏறி நின்றார்கள். நீ மட்டும் தண்ணீரில் கால் நனைய நின்றாய்.

உன் நைனாவை வரச் சொல்லி ஆள் போயிற்று. மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்கிக் கொண்டிருந்தவர் அப்படியே வந்தார், உடம்பெல்லாம் தூசி. மண்டி சரோஜாவின் மாமாவுடையது என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். தலைமையாசிரியர் படியில் நின்றார், உன் நைனா கீழே வெயிலில் நின்றார்.

"உம் பொண்ணை மன்னிப்புக் கேக்கச் சொல்லு. இந்த ஒரு தடவை விட்டுடறேன். இல்லன்னா பள்ளிக்கூடத்துல இடமில்ல."

"இன்னா தப்புக்குங்க ஐயா? தண்ணிதான வெச்சுது?"

"எங்க கொண்டாந்து வெச்சுதுன்னு கேளு."

உன் நைனா உன்னைப் பார்த்தார். "நீ கேக்கறியாம்மா?"

நீ தலையை ஆட்டினாய், மாட்டேன் என்று.

"அப்போ வா, போலாம்" என்றார். திட்டவில்லை. உன் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். மூட்டை தூக்கும் அந்தத் தோளில் பை ரொம்பச் சின்னதாக இருந்தது. சரித்திர வாத்தியார் ஜன்னல் ஓரத்தில் நின்று பார்த்துக் கொண்டிருந்தார். நீங்கள் இருவரும் வாசலைத் தாண்டும்வரை பார்த்தார். பிறகு வகுப்புக்கு வந்து, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்கினார். பள்ளியில் அதன்பிறகு பானையே வைக்கவில்லை. எல்லாரும் வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஒரே பானையில் எல்லாரும் மொள்வதைவிட அது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

நானும் நின்றுவிடுகிறேன் என்று உன்னிடம் வந்து அழுதேன். நீ என் கன்னத்தில் அறையாத குறை. "நீயும் வந்துட்டா அவங்களுக்கு நிம்மதியா போயிடும். போய்க் குந்து. அந்த பெஞ்ச்ல குந்து." குந்தினேன். பக்கத்தில் உன் இடம் வருடக் கடைசிவரை காலியாகவே இருந்தது. யாரும் அங்கே நகர்ந்து உட்காரவில்லை. சில நாள் பாடத்தின் நடுவே, நீ எழுந்து நிற்பதுபோலப் பெஞ்சு அசையும். திரும்பிப் பார்ப்பேன்.

உன் நைனாவுக்கு மண்டி வேலை போயிற்று. நீ கடலை உடைக்கப் போனாய், பிறகு தொண்டூருக்கு வாழ்க்கைப்பட்டாய், காட்டுவேலைக்குப் போனாய். நான் டீச்சர் டிரெய்னிங் முடித்து ஊர் ஊராக வேலை பார்த்தேன். உன்னைப் பார்க்க வரும்போதெல்லாம் உன் மகள் பள்ளியிலிருந்து திரும்பும் நேரம் வரை இருந்துவிட்டுத்தான் போவேன். அவள் வந்ததும் பையைக்கூட இறக்க விடமாட்டாய். "தண்ணி குடிச்சியா?" என்பதுதான் முதல் கேள்வி. "யாரு மொண்டு குடுத்தா?" என்பது அடுத்தது. "நானேதான்மா, எதுக்கு தினமும் கேக்கற?" என்று அவள் சலித்துக்கொள்வாள். அவள் நர்ஸ் படிப்புக்குப் போகும்வரை தினமும் கேட்டிருக்கிறாய்.

பள்ளிக்கூடத்துக்குள் நீ கால் வைத்தது ஓட்டுப் போட மட்டும்தான். "உள்ள நொழைஞ்சா நெஞ்சு அடைக்குதுடி. ஆனா போடாம வரமாட்டேன்" என்று ஒருமுறை சொன்னாய்.

கடைசியாக உன்னைப் பார்க்க வந்தபோது கட்டிலில் ஒடுங்கிக் கிடந்தாய். மகள் ஸ்பூனால் கஞ்சி ஊட்டிக் கொண்டிருந்தாள். அவளை நிறுத்தச் சொல்லிவிட்டு என்னைக் கேட்டாய்: "அந்த சரோஜா பொண்ணு இன்னா ஆச்சுடி?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாத்தியாரைக் கேட்கவில்லை, பானையை உதைத்தவனைக் கேட்கவில்லை. சரோஜாவும் அன்றைக்குப் பிறகு பள்ளிக்கு வரவே இல்லை, வெளியூரில் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், சீக்கிரமே கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். அதைச் சொன்னேன்.

"ரொம்ப அடிச்சிருப்பாங்களா?"

"தெரியல."

"தாகம் அதுக்கு. வேற ஒன்னும் நெனச்சிருக்காது. எம் பானைல குடிச்சுதுன்னு அதும் படிப்பும் போச்சு." கண்ணை மூடிக்கொண்டாய். "எங்கயாச்சும் பாத்தா கேளுடி."

கேட்க ஆள் கிடைக்கவில்லை. அந்த மளிகைக்கடை கைமாறிவிட்டது, இப்போது அங்கே செல்போன் விற்கிறார்கள். பழைய கடைக்காரர்களிடம் விசாரித்தேன், பாண்டிச்சேரிப் பக்கம் என்றார் ஒருவர், இல்லை என்றார் இன்னொருவர். செஞ்சிக்கு வரும்போதெல்லாம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கடைத்தெரு வழியாகத்தான் நடக்கிறேன். என் வயதுப் பெண் யாராவது எதிரே வந்தால் முகத்தை உற்றுப் பார்க்கிறேன். சிலர் பதிலுக்கு முறைக்கிறார்கள். போன வாரம் ஒரு அம்மா நின்று, "யாரைத் தேடறீங்க?" என்று கேட்டாள். சரோஜா என்று சொல்ல வாயெடுத்து, உன் பெயரைச் சொன்னேன். அப்படி யாரையும் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போனாள்.