பேன் நடந்து வந்த வழி

ஏப். 7, செவ்வாய்

விடியும்போதே புழுக்கம். கடல் பக்கமிருந்து காற்றே இல்லை. கொடித் துணியில் துறைமுகத்து நிலக்கரித் தூசி.

இவர் கிரேனில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து தூக்கம். தர்ஷினி வழக்கம்போல் பக்கத்து வீட்டு ஜெசிந்தா அக்காவிடம் சடை போடப் போய்விட்டாள். நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து இப்படித்தான். எட்டு வயசு. இறந்துபோன அவள் அம்மா வாரிய தலை, அதில் கை வைக்க நான் யார்? இன்னும் என்னை ஒன்றும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘பால் பொங்குது’ என்றுகூட சுவரிடம்தான் சொல்வாள்.

சாத்தான்குளத்திலிருந்து மதினி போன். இவருடைய அக்கா. “பரீட்சை வெள்ளியோட முடியுதுல்லா. ஞாயித்துக்கெழம வாரேன். பிள்ளை உன்கிட்ட ஒட்டலன்னா நான் கூட்டிட்டுப் போயி இங்கன ஸ்கூல்ல சேத்துடுதேன். உன்ன குத்தம் சொல்லலளா.”

குத்தம் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

வாங்க: தே. எண்ணெய், கொசுவத்தி, கேஸ் புக் பண்ண.

ஏப். 8, புதன்

காலேஜ் லேப். மீன் ஏலத்தில் எடுத்த இரண்டு மீன், பார்க்க ஒரே ஜாடை. செவுளில் ஒட்டியிருந்த புழுக்கள் வேறு வேறு. எப்போதோ பிரிந்துபோன குடும்பங்களாக இருக்கலாம். மீன் மறைத்ததைப் புழு சொல்கிறது.

மதியம் பேன் பாடம். குரங்கும் நாமும் பிரிந்தபோது பேனும் பிரிந்தது. உடம்பு முடி போனதும் தலைக்கு ஒதுங்கியது. மனுஷன் துணி கட்ட ஆரம்பித்தபின் ஒரு கூட்டம் துணி மடிப்புக்குக் குடிபோனது. அந்தத் துணி மக்கிப்போயிற்று, எலும்பில் அடையாளம் இல்லை. எப்போது உடுத்தினோம் என்று பேனைத்தான் கேட்க வேண்டும். கடைசி பெஞ்சில் ஒருத்தி, “மேம், நீங்க சொல்லச் சொல்ல தலை அரிக்கி.” வகுப்பே சொறிந்தது. நானும்.

ஏப். 9, வியாழன்

உப்பளம் ஓரமாக பஸ். வெயிலில் உப்புக் குவியல்கள் மிதந்தன. எனக்கு அரைத் தூக்கம்.

பேனுக்கு இறக்கை இல்லை. குதிக்கத் தெரியாது. தலையை விட்டு இறங்கினால் ஓரிரு நாளில் சாவு. ஒரு தலையோடு இன்னொரு தலை சேர்ந்தால்தான் அதற்குப் பயணம். அப்படியே பின்னால் போய்க்கொண்டே இருந்தால்... மழைக்கு ஒதுங்கிய பாறையடியில் நெருங்கிப் படுத்த தலைகள். அம்மாவோ, பிள்ளையோ, வழியில் சேர்ந்துகொண்டவளோ. பெயர் இல்லை, முகம் இல்லை. நெருங்கிப் படுத்தார்கள் என்பது மட்டும் தெரியும்.

ஸ்டாப்பைத் தாண்டிப் போய் இறங்கி, திரும்ப நடந்தேன்.

வாசலில் ஜெசிந்தா அக்கா. “ஏளா, பிள்ளை தலை பூரா பேனு. ஸ்கூல்ல ஏறியிருக்கும். உன் தலையையும் பாத்துக்க.” எனக்கு எப்படி ஏறும்? தொட விட்டால்தானே. எரிச்சலாக வந்தது.

ஏப். 11, சனி

அரிப்பு நிற்கவில்லை. பாடம் நடத்திய பிரமை என்று விட்டிருந்தேன். இன்று வெள்ளைத் துணி விரித்து, பேன் சீப்பு போட்டு வாரினேன். விழுந்தது. ஈரும் இருந்தது. அப்படியென்றால் நேற்று வந்ததில்லை.

யாரிடமிருந்து? இவர் மாசி மாசம் திருச்செந்தூரில் மொட்டை போட்டவர், இப்போதுதான் முள் முள்ளாக முளைக்கிறது. காலேஜில் யார் தலையும் என் தலையில் பட்டதில்லை. மிச்சம் ஒரு தலைதான்.

இருப்பது ஒரு ஃபேன். இவர் வேலைக்குப் போனபின் நானும் அவளும் அதன் அடியில். படுக்கும்போது சுவர் பக்கம் திரும்பிக்கொள்வாள். காலையில் பார்த்தாலும் சுவர் பக்கம்தான். நடுவில் என்ன நடக்கிறதென்று எனக்கு என்ன தெரியும், நான் அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறவள்.

அடுப்படியில் போய் நின்று அழுதேன். சந்தோஷமாக இருந்தது. பேனைக் கொல்ல மனசில்லை. அப்புறம் கொன்றேன்.

ஏப். 12, ஞாயிறு

மதினி பதினோரு மணிக்கே வந்துவிட்டார். கையில் கருப்பட்டி. வந்ததும், “துணிமணி எடுத்து வச்சாச்சா?”

கொண்டையை அவிழ்த்து அவர் முன்னால் உட்கார்ந்தேன். “என் தலையக் கொஞ்சம் பாருங்க மதினி.”

“சீ, ஈரும் பேனுமால்லா கெடக்கு. காலேஜ்ல பாடஞ் சொல்லுதவ தலையா இது? யார்ட்ட இருந்துளா வந்துச்சு?”

நான் தர்ஷினியைப் பார்க்கவில்லை. மதினி முதலில் தம்பியின் மொட்டையைப் பார்த்தார். அப்புறம் பிள்ளையைப் பார்த்தார். அவள் நகம் கடித்துக்கொண்டு நின்றாள். மதினியின் கை என் தலையில் அப்படியே நின்றது.

“சரி, லீவுக்கு ரெண்டு பேருமா வந்து இருந்துட்டுப் போங்க” என்றார். சாப்பிட்டுவிட்டு மூணு மணி பஸ்ஸுக்குத் தனியாகக் கிளம்பினார்.

சாயங்காலம் பேன் மருந்து. எனக்கு ஜெசிந்தா அக்கா போட்டுவிட்டார். முடிந்ததும் தர்ஷினி தானாக வந்து எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். எவ்வளவு மெல்லிசு முடி. வகிடு கோணலாகப் போயிற்று. மருந்து நாற்றம் வீடு முழுக்க. இரண்டு தலையிலும் பழைய துண்டு.

பாயை விரிக்கும்போது சுவரைப் பார்த்துக் கேட்டாள்:

“இன்னைக்கு தள்ளித்தான் படுக்கணுமா?”