பத்து காஜா

மார்ச் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். போனில் நான் "ம்", "ம்ம்" இரண்டைத் தவிர வேறொன்றும் பேசுவதில்லை என்று சலித்துக்கொண்டு, "நீ எழுதியே தொலை" என்றீர்களே, அதனால் எழுதுகிறேன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

நீங்கள் காஜா தைத்துப் பழகி அனுப்பிய துணிப்பட்டை வந்தது. பத்து காஜாவில் நான்குக்குச் சரி போட்டிருக்கிறேன். மற்றவற்றில் பட்டன் நுழைகிறது, ஆனால் தானாகவே வெளியே வந்துவிடுகிறது. ஒவ்வொரு முடிச்சையும் ஒரே அளவு இறுக்க வேண்டும். அதை விரல் நுனிதான் சொல்லும், கண் சொல்லாது. பாறையில் துளை போடுகிற கைக்கு நான்கு நல்ல மார்க்குதான். பள்ளியை விட்டு நிற்பதற்கு முன் நான் இதைவிடக் குறைவாக வாங்கியிருக்கிறேன்.

பக்கத்து வீட்டு அத்தை வாரம் இரண்டு கட்டு சட்டை கொண்டுவந்து போடுகிறார். தையற்கடையிலிருந்து வாங்கி வருவதற்கு அவருக்கு ஒரு பங்கு. விலை கூடிய சட்டைகளுக்குக் கையால்தான் காஜா வேண்டுமாம். ஜன்னலோரம் உட்கார்ந்து போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

வீட்டு வருமானம் உங்கள் சம்பளத்தில் பாதியைத் தொட்ட அன்றைக்கு வேலையை விட்டுவிடுவேன், அறுபது வரை அந்த மலைக்குள் கிடக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். என் கை வேகமாகி, உங்கள் கையும் பழகினால் மூன்று வருடம் என்றீர்கள். மூன்று வருடம் பொறுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாலு காஜா போட்டதும் எழுந்து வாசல்வரை போய் வருகிறேன். "உட்கார்ந்து வேலை செய்கிறவளுக்குக் காலில் என்னடி சக்கரம்?" என்று அம்மா திட்டுகிறாள்.

உங்கள்
ஊசி


மார்ச் 19

ஊசிக்குட்டிக்கு அப்பா எழுதுவது,

பத்துக்கு நாலா? உங்க கணக்கு டீச்சரே தேவலை போலிருக்கே!

ரூம்ல எல்லாரும் சீட்டாடும்போது நான் ஊசி நூலோட உக்காந்திருக்கேன். "என்னண்ணே, உங்களைப் பொண்ணு பாக்க வர்றாங்களா?"ன்னு ஒரே கிண்டல். பக்கத்துக் கட்டில் வெல்டர் தம்பி மட்டும்தான் சிரிக்கல. இடது கைக்காரன், அதனால நொட்டாங்கைன்னுதான் கூப்பிடுவோம். எதிர்ல உக்காந்து பாத்துப் பாத்தே அவனும் ரெண்டு காஜா போட்டுட்டான். என்னதை விட நல்லா வந்துச்சு. எனக்குப் பொறாமை தாங்கல.

வந்ததும் வாசல்ல ஒரு போர்டு மாட்டணும். வர்றவங்ககிட்ட பேச நான் இருக்கேன். நீ உள்ள இருந்தா போதும், யார் மூஞ்சியையும் பாக்க வேண்டாம். தைக்கிறது ரெண்டு பேரும்.

இங்க காலையில குளிர் ஜாஸ்தி. வேற ஒண்ணுமில்ல. அடுத்த பட்டை இதோட வருது. கொஞ்சம் கருணை காட்டு.

அப்பா


ஏப்ரல் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தத் தடவை இரண்டுதான். கருணை காட்டித்தான் இரண்டு.

பழகப் பழகக் கை நன்றாக வர வேண்டும். உங்களுக்கு ஏன் குறைகிறது? பட்டையில் அங்கங்கே சிவப்புப் புள்ளி இருக்கிறது. அம்மா பார்த்துவிட்டு, "சிவப்பு நூலா?" என்றாள். "ஆமாம்" என்றேன். அது நூல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஊசி குத்தினால் யாராக இருந்தாலும் சட்டென்று கையை எடுத்துவிடுவார்கள். எனக்கும் குத்தியிருக்கிறது, துணியில் ஒரு புள்ளிக்கு மேல் பட்டதில்லை. உங்கள் பட்டையில் ஒரே காஜாவைச் சுற்றி மூன்று, நான்கு புள்ளிகள். குத்தினதே தெரியாமல் தைத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள். அப்பா, அந்தப் பாறை துளைக்கிற மெஷின் நாள் முழுக்க உதறுகிறதே, உங்கள் விரல் மரத்துப்போகிறதா?

ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டுவிடலாம் என்றுதான் எடுத்தேன். நீங்கள் "சொல்லு ஊசி" என்றீர்கள். "ம்" என்று சொல்லி அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அன்று முழுக்க என்மேலேயே எனக்குக் கோபம். ஒரு சட்டைக்குக் காஜாவைப் பட்டன் வைக்க வேண்டிய பக்கத்தில் வெட்டிவிட்டேன். அத்தை கடையில் திட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு வந்து, எனக்கும் பாதி கொடுத்தார்.

மறைக்காமல் எழுதுங்கள்.

ஊசி


ஏப்ரல் 14

ஊசிக்கு,

சின்ன விஷயத்தை ஊதிப் பெருசாக்காத. அந்த ஊசி மொக்கை. வெளிச்சமும் பத்தல. வேற ஊசி வாங்கியாச்சு. இந்தா, பத்துக்குப் பத்து. உங்க அப்பனைப் பத்தி என்ன நெனச்ச?

மூணு வருஷம் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிரும். அம்மாகிட்ட எதையும் உளறி வைக்காத.

அப்பா


மே 2

அன்புள்ள அப்பாவுக்கு,

பட்டை வந்தது. பத்தும் அழகாக இருக்கிறது. பத்துக்கும் சரி போட்டு இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அதை நொட்டாங்கை அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள். மார்க் அவருடையது.

பழைய இரண்டு பட்டைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உங்கள் தையல் நான் சொல்லிக்கொடுத்தபடி வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கம் போகும். இதில் எல்லாமே இடப்பக்கம் தொடங்கி வலப்பக்கம் போகிறது. இடது கையில் ஊசி பிடித்தால்தான் அப்படி வரும். பேச வராதவளுக்குப் பார்க்கவும் வராது என்று நினைத்துவிட்டீர்களா?

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. "போன தடவை வந்தப்பவே டம்ளரை ரெண்டு கையாலதான் புடிச்சாரு," என்றாள். அவளும் இத்தனை நாள் எனக்குத் தெரியக் கூடாது என்று இருந்திருக்கிறாள்.

பிறகு தையற்கடைக்குப் போனேன். நான்தான். முதல் நாள் வாசலில் நின்றேன், கடைக்காரர் நிமிர்ந்தார், ஒரு நூல்கண்டு கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாளும் நூல்கண்டு. வீட்டில் இப்போது ஏழு கண்டு இருக்கிறது, அதில் மூன்று பச்சை. பச்சைச் சட்டை யார் போடுகிறார்கள் என்று தெரியவில்லை. எட்டாம் நாள் அவரே கேட்டார்.

"என்னம்மா, நூலைத் திங்கிறியா?"

"காஜா," என்றேன்.

"காஜாவுக்கு என்ன?"

"நான்தான் போடுறேன்."

கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்துவிட்டார். "நீயா? யாரோ வயசான அம்மான்னுல்ல நெனச்சேன்! இதை ஏன் ஏழு நாளா சொல்லல?"

எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போனதெல்லாம் மறந்துவிட்டது. "அப்பா வீட்டுக்கு வரணும்," என்று மட்டும் சொன்னேன். சொல்ல வந்தது அது இல்லை. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். இனி சட்டைக் கட்டுகளை நானே நேராக வாங்கிக்கொள்ளலாம். காஜா மட்டுமில்லை, பட்டன் வைத்து, ஓரம் மடித்துத் தரும் வேலையும் எனக்குத்தான். அத்தை, "தூக்கிச் சுமக்கிற வேலை மிச்சம்," என்றார், ஆனால் இரண்டு நாளாக ஜன்னல் பக்கம் திரும்புவதில்லை. அவரை எப்படிச் சமாதானம் செய்வது என்று நீங்கள் வந்துதான் சொல்ல வேண்டும்.

நீங்கள் சொன்ன பாதிச் சம்பளம் இன்னும் வரவில்லை, அப்பா. ஆனால் பாதி வரும்வரை நீங்கள் அங்கே இருந்தால் உங்கள் கை எனக்கு முழுதாகக் கிடைக்காது. நீங்கள் தைக்க வேண்டாம். வாசலில் உட்கார்ந்து பேசுங்கள், கடைக்குப் போய் வாருங்கள், அத்தையைச் சிரிக்க வையுங்கள். அதெல்லாம் எனக்கு வராத வேலை. ஒரு வார்த்தை பேச எனக்கு ஏழு நூல்கண்டு செலவாகிறது.

வாருங்கள்.

ஊசி


மே 15

ஊசி,

எழுத்து பெருசா இருக்கேன்னு பாக்காத. பேனாவை முழுக் கையால புடிச்சு எழுதுறேன்.

நேத்து டாக்டர்கிட்ட காட்டினேன். இனிமே அந்த மெஷினைத் தொடவே கூடாதுன்னுட்டார். ராஜினாமா கொடுத்துட்டேன். முப்பதாம் தேதி காலையில வந்துருவேன்.

ரெண்டு மாசமா என் சட்டை பட்டனை நொட்டாங்கைதான் போட்டு விடுறான். பட்டனே போட முடியாதவன் காஜா போட உக்காந்தேன் பாரு. பட்டையில தோத்துட்டா நம்ம திட்டம் கெட்டுப்போயிரும்னு அவன்கிட்ட கெஞ்சித் தைச்சு வாங்கினேன். உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. வெக்கம் உன்கிட்ட இருந்துதான் ஒட்டிக்கிச்சு போல.

உன் மார்க்கை அவன் சுவத்துல ஒட்டி வச்சிருக்கான்.

அப்பா


மே 20

அன்புள்ள அப்பாவுக்கு,

முப்பதாம் தேதி ரயிலை விட்டு இறங்கினதும் ஸ்டேஷனிலேயே நில்லுங்கள். நான் வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன். வண்டி எப்போது வரும் என்று விசாரணை ஜன்னலில் நானே கேட்டுவிட்டேன். அங்கிருந்தவர் காதில் விழவில்லை என்றார், இரண்டாம் தடவையும் கேட்டேன்.

உங்கள் பழைய சட்டை அளவுக்குக் கடைக்காரர் ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார். நிறம் பச்சை, வீட்டில் நூல் இருக்கிறதே. காஜா நான் போட்டேன். பட்டன் பெரியதாகப் பார்த்து வாங்கி, காஜாவையும் அதற்கேற்ற அகலத்தில் வெட்டினேன். பிறகு என் பத்து விரலிலும் துணி சுற்றிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு போட்டுப் பார்த்தேன்.

ஆறு பட்டனும் போட முடிந்தது.

உங்கள்
ஊசி