பித்தளைக் கோடு

நானா,

இன்று காலை எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் குழாயை ஒட்ட ஒருவர் வந்தார். சுவாலை பட்டதும், ஒட்டுவதற்குத் தூவிய வெண்காரம் பொரிந்து, உங்கள் பட்டறையின் அதே மணம் குசினி முழுக்கப் பரவியது. நான் எழுந்துபோய், அலுமாரியில் இருந்த பழைய பம்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். நான் ஓட்டிய லோஞ்ச் படகைக் கழித்து உடைத்தபோது நான் கேட்டு வாங்கியது இது ஒன்றைத்தான்.

திருகோணமலையிலிருந்து மூதூருக்கு நான் ஆட்களை ஏற்றி லோஞ்ச் ஓட்டிய காலம். எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீர் இறைக்கும் இந்தப் பம்பின் வார்ப்பிரும்பு உடல் பிளந்துவிட்டது. ஓரிடத்தில் வெல்டிங் செய்தார்கள். பக்கத்திலேயே மறுபடி வெடித்தது. பிழைப்புப் போய்விடும் என்ற பயத்தோடு துறைமுகத்தடியில், அண்ணன் முறையில் நாங்கள் நானா என்று கூப்பிட்ட உங்கள் பட்டறைக்குத் தூக்கி வந்தேன்.

"இரும்பை உருக்கினா வெடிக்கத்தான் செய்யும். சிவக்க மட்டும் வைப்பம், பித்தளை உருகித் தானா உள்ளுக்குப் போகும்" என்றீர்கள். பிளவின் நீளத்துக்குப் பித்தளைக் கோடு விழ ஒட்டி முடித்துச் சூட்டோடு உமிச்சாம்பல் பீப்பாவில் புதைத்தீர்கள்.

"எடுத்துப் பாக்கட்டா, நானா?"

"ஏலாது. தன்ரபாட்டில ஆறட்டும்." நான் கை வைத்துவிடுவேன் என்று பீப்பாவின் மூடிமேலேயே உட்கார்ந்து பேப்பர் வாசித்தீர்கள்.

மறுநாள் படகுத்துறை ஜெட்டியில் உங்களைக் கண்டு எல்லோரும் திகைத்தோம். கடலுக்குப் பயந்து, சொந்த ஊரான மூதூருக்கே பஸ்ஸில் கிண்ணியா வழியாகச் சுற்றிப் போகிறவர் நீங்கள்.

"நான் ஒட்டினதை நம்பிச் சனம் ஏறுது. நான் ஏறாம நிக்கிறதா?"

எஞ்சினடியில் குந்தி, பித்தளைக் கோட்டில் உள்ளங்கையை வைத்தீர்கள். முகம் வெளிறிப் போயிருந்தது.

"கையை எடுங்கோ நானா, பம்ப் எங்கயும் ஓடிப் போகாது."

"ஈரம் கசியுதா எண்டு கைக்குத்தான் தெரியும்." மூதூர் வரும்வரை நீங்கள் கையை எடுக்கவேயில்லை.

சில வருடங்கள் கழித்துத் திருகோணமலை ஆஸ்பத்திரியில் நீங்கள் மௌத்தானீர்கள். உங்கள் மகன் ஜெட்டிக்கு ஓடிவந்தான். "வாப்பாவ இண்டைக்கே ஊருக்குக் கொண்டு போகோணும்." உங்களை என் லோஞ்சில் ஏற்றினோம். நடுக்குடாவில் அலை அடித்தது. உங்களுக்குக் கடல் பயம் என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. சுக்கானை உதவியாளனிடம் கொடுத்துவிட்டு எஞ்சினடியில் குந்தினேன். நீங்கள் கை வைத்த இடத்தில் என் கையை வைத்தேன்.

"ஈரம் இல்லை, நானா" என்று வாய்விட்டுச் சொன்னேன். மகன் திரும்பிப் பார்த்தான்.

குழாய் ஒட்ட வந்தவர் போய்விட்டார். பம்ப் இன்னும் என் மடியில் இருக்கிறது. பித்தளைக் கோட்டிலிருந்து கையை எடுக்க மனம் வரவில்லை.