தனியாக விடாத வீடு

என் கண்ணு மல்லிகா,

அம்மனுக்கு விளக்கேற்றிவிட்டு நேராக உன்னிடம்தான் வருகிறேன். உன் கடைசி மாணவி நித்யாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஓட்டல், விடுதிகளுக்கு ஆட்களை வரவழைப்பது எப்படி என்று எம்.பி.ஏ. பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துவிட்டு, வருஷா வருஷம் அவர்களை மலைமேல் இருக்கிற இந்த ஜமுனாமரத்தூருக்கு, நம் வீட்டுக்கே கூட்டி வந்துவிடுவாயே. அவர்கள் பேசுவது எனக்குப் பாதிதான் புரியும். மீதியை உன் புத்தகங்களைப் புரட்டித் தெரிந்துகொண்டேன்.

இந்தத் தடவை நித்யா மட்டும் வந்தாள். நீ எங்களையெல்லாம் விட்டுக் கண்ணை மூடியதில், மலை வீடுகளில் விருந்தாளிகளைத் தங்க வைப்பது பற்றிய அவள் ஆய்வு பாதியில் நின்றுவிட்டது. "மலை வீடெல்லாம் சரிப்படாது, வேற தலைப்பு எடு" என்றாராம் புது வழிகாட்டி சார். தலைப்பை மாற்றினால் இன்னொரு வருஷம் ஆகும். அதற்கு மேல் படிக்க வைக்க அவள் அப்பாவால் முடியாதாம்.

நடந்தது இதுதான். 'மலையில் முழுத் தனிமை' என்று விளம்பரம் போட்டு, சென்னைக்காரர்களை நம் ஊர்ச் சின்னப்பொண்ணு வீட்டில் தங்க வைத்திருக்கிறாள். சின்னப்பொண்ணு, மாமியார், பக்கத்து வீட்டுக்காரி என்று ஆள் மாற்றி ஆள் அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். வந்தவர்கள் மறுநாளே மூட்டை கட்டிவிட்டார்கள்.

"அவங்கள கொஞ்சம் தனியா விடணும்க்கா" என்று நித்யா சின்னப்பொண்ணிடம் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தாள்.

"இன்னாம்மா சொல்ற? சண்டக்காரன் வந்தாத்தான் நாங்க அப்டி வுடுவோம். அவங்க இன்னா தப்பு பண்ணாங்க?"

எனக்குச் சிரிப்பு, அவளுக்கு அழுகை. "பெரிம்மா, மேம் இருந்தா இன்னா சொல்லியிருப்பாங்க?" என்று கேட்டாள். நீ எந்தப் பிள்ளைக்கு நேராகப் பதில் சொன்னாய்? 'மொதல்ல விருந்தாளியா போய் இருந்துட்டு வா' என்று துரத்தத்தானே செய்வாய்? அதையே நானும் சொன்னேன். பையைத் தூக்கிக்கொண்டு சின்னப்பொண்ணு வீட்டுக்கே போனாள்.

திரும்பி வந்தவள் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி.

"சாமை பொடச்சிக்கினே என் கதையெல்லாம் கேட்டாங்க பெரிம்மா. மாப்பிள்ளகூட பாத்துட்டாங்க. ஹாஸ்டல்ல ரெண்டு வருஷமா சாப்டியான்னு கேக்க ஆளில்ல." பையை இறக்கி வைத்தாள். "அவங்க மேல தப்பில்ல. நான் குடுத்த வாக்குதான் தப்பு."

'இங்கே உங்களைத் தனியாக விட மாட்டார்கள்.' விளம்பரத்தை இப்படி மாற்றிவிட்டாள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற வேலூர்த் தம்பதி ஒன்று வந்தது. அந்த அம்மா சின்னப்பொண்ணோடு உட்கார்ந்து புளி உடைத்தாள். ஒரு நாளுக்கு வந்தவர்கள் மூன்று நாள் இருந்துவிட்டுத்தான் போனார்கள். அப்புறம் அவர்கள் சொல்லி இன்னும் நாலு குடும்பம்.

தலைப்பை மாற்றாமலே ஆய்வை எழுதிக் கொடுத்தாள். வாய்மொழித் தேர்வில் அந்தப் புது வழிகாட்டி சார் கேட்டாராம்: "விருந்தாளிய மாத்துனியா, வீட்ட மாத்துனியா?"

"ரெண்டும் இல்ல சார். ஏத்தவங்கள ஏத்த வீட்டுக்கு அனுப்புனேன்."

நேற்று முடிவு வந்தது. நித்யா பாஸ். அவள் போனில் கத்திய கத்தில் பாலைப் பொங்கவிட்டுவிட்டேன்.

இன்னொன்று. அந்த சாரே கூப்பிட்டு, தன் பிள்ளைகளையும் இங்கே கூட்டி வரலாமா என்று கேட்டார். "தாராளமா வாங்க சார். ஆனா நீங்களும் விருந்தாளியா தங்கணும்" என்றேன். சிரித்துக்கொண்டே சரி என்றார். சாமைக்கும் தேனுக்கும் இன்றைக்கே கணக்குப் போட்டு எழுதிவிட்டேன்.

மல்லி, நீ இருக்கிற இடத்தில் உன் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? சாப்பிட்டாயா என்று யாராவது கேட்கிறார்களா?

உன் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் பாதியில் நிற்கிறேன் என்று எந்தப் பிள்ளை மலையேறி வந்தாலும், சோறு போட்டு, மீதிப் பாதிக்கு அனுப்பி வைப்பேன். அம்மன் சாட்சி.

உன் கூடப் பிறந்தவள்,
இப்போது அவர்கள் எல்லாருக்கும் பெரியம்மா